பூட்டை யாரும் உடைக்கவில்லை. 19 கோடியே 80 லட்சம் பேர் ஜாதகம் சந்திக்கு வந்தது!

அமெரிக்காவில் ஏறக்குறைய 19 கோடியே 80 லட்சம் வாக்காளர்களின் பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் கேட்பாரற்றுத் திறந்து கிடந்தன. 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்தச் சங்கதி அம்பலத்துக்கு வந்தது.

குடியரசுக் கட்சியின் தேர்தல் வேலைக்காக 'டீப் ரூட் அனலிட்டிக்ஸ்' என்ற கம்பெனி வைத்திருந்த விவரங்கள் அவை. இருந்த இடம், அமேசான் கம்பெனியின் 'கிளவுட்' சேமிப்பு. கிளவுட் என்றதும் வானத்து மேகம் என்று நினைக்க வேண்டாம். அடுத்தவர் கம்ப்யூட்டரில் வாடகைக்குப் பிடித்த கிடங்கு, அவ்வளவுதான்!

பாஸ்வேர்டே இல்லை!

கிடங்கின் விலாசம் தெரிந்தால் போதும். பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போய் அள்ளிக்கொண்டு வரலாம். பாதுகாப்பு ஆய்வாளர் கிறிஸ் விக்கரி கண்ணில் இது பட்டது. பிறகுதான் கதவு சாத்தப்பட்டது.

சுவர் ஏறிக் குதிக்க வேண்டிய அவசியமே இல்லை. 'யார் பார்க்கலாம்' என்ற அனுமதி தப்பாக இருந்தது. அதுதான் கோளாறு!

2023 ஏப்ரல் முதல், புதுக் கிடங்குகளை அமேசான் அடைத்தே கொடுக்கிறது. ஊருக்கே காட்ட வேண்டுமானால் நாமாகத் திறந்தால்தான் உண்டு.

நம்ம கடைக் கணக்கு

"அது பெரிய இடத்துச் சமாசாரம், நமக்கென்ன?" என்கிறீர்களா? பாக்கிக் கணக்கு, வாடிக்கைக்காரர் நம்பர், ஆதார் நகல் எல்லாம் கூகுள் டிரைவில் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்! அவசரத்துக்கு 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று ஒரு தட்டுத் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். அந்த லிங்க் கைமாறி எங்கெங்கே போகுமோ, யார் கண்டது?

வேலையை விட்டு நின்ற பையன் பெயரை நீக்கியாச்சு என்று நிம்மதியாக இருக்காதீர்கள். லிங்க் திறந்திருந்தால் அவன் மறுபடியும் உள்ளே வரலாம்!

என்ன செய்வது?

ஃபைலில் 'ஷேர்' என்பதைத் தட்டுங்கள். யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பொது அனுமதியை 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். பிறகு பெயர் உள்ளவர் மட்டுமே பார்க்க முடியும். பார்த்தால் போதும் என்பவருக்கு 'வியூவர்'; கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் 'எடிட்டர்'. ஆள் நின்றால், கடைச் சாவியோடு இந்த அனுமதியையும் அன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.

ஏற்கெனவே இறக்கி எடுத்துக்கொண்ட நகலை மட்டும் திரும்ப வாங்க வழியே கிடையாது. உஷார்!