பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு பிலிம்!

பள்ளி விடுமுறையில் பொங்கோலிலுள்ள அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காள் மகன் மேசைமேல் மூன்று பிலிம் சுருள்களை வரிசையாக வைத்து, "மாமா, பாட்டியின் எண்பதாவது பிறந்த நாளுக்கு எதைப் போடலாம்? இது விலை மலிவு. ஆனால் கேள்விப்படாத பெயராக இருக்கிறதே, யார் செய்ததோ?" என்றான். திரும்ப எடுக்க முடியாத படம். நியாயமான கேள்விதான்.

வாசகர்களே, வர்ணப் பிலிம் செய்வது எல்லாராலும் ஆகிற காரியமன்று. பத்துக்கு மேற்பட்ட அடுக்குகளை முழு இருட்டில் பூச வேண்டும். எல்லாம் சேர்ந்தும் தலைமுடியின் கனம் வராது! அதனால்தான் அதைச் செய்த ஆலைகள் மிகக் குறைவு. அமெரிக்காவில் கோடாக், ஜப்பானில் பூஜியும் கொனிக்காவும், ஜெர்மனியில் அக்பா, இத்தாலியில் பெரானியா என்று சில பெயர்களே முன்னின்றன. நம் தமிழ்நாட்டிலும் 1960இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொடங்கப்பட்டது. அதன் 'இந்து' கறுப்பு வெள்ளைப் பிலிமைப் பலர் அறிவர். இன்று அந்த ஆலை இல்லை.

அப்படியானால் கடையில் இத்தனை பெயர்கள் எப்படி? ஒரே தோட்டத்துத் தேயிலை பல கடைப் பொட்டலங்களில் வருவதில்லையா? அப்படித்தான். பெரிய ஆலை பூசிய அகலச் சுருளை வாங்கி, வெட்டி, துளையிட்டு, டப்பாவில் அடைத்துத் தங்கள் பெயரை ஒட்டுகிறார்கள். பெரானியா ஆலை பல கடைகளின் பெயரில் பிலிம் செய்து கொடுத்தது. 2010களில் பிரிட்டனில் ஒரு பவுன் கடைகளில் விற்ற 'அக்பாபோட்டோ விஸ்டா பிளஸ் 200' உண்மையில் பூஜி பிலிம். இதைவிட வேடிக்கை, 2022 வாக்கில் அமெரிக்காவில் வந்த பூஜி 200 பெட்டியிலேயே 'அமெரிக்கத் தயாரிப்பு' என்றிருந்தது. அதன் தொழில்நுட்பக் குறிப்பும் கோடாக் கோல்டு 200இன் குறிப்பும் ஒத்திருந்தன!

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், பெட்டியில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பாருங்கள். செய்த நாடு வேறு, அடைத்த நாடு வேறாக இருக்கலாம், இரண்டையும் படியுங்கள்.

அடுத்து, டப்பாவின்மேல் உள்ள வெள்ளி, கறுப்புக் கட்டங்கள். 1983இல் கோடாக் கொண்டுவந்த 'டிஎக்ஸ்' முறை இது. கட்டங்கள் பிலிமின் வேகத்தையும் படங்களின் எண்ணிக்கையையும் காமிராவுக்குச் சொல்லும், செய்தவரைச் சொல்லா.

மூன்றாவதாக, கழுவிய நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே எழுத்துகளும் கோடுகளும் தெரியும். பெயர் இல்லாவிட்டாலும், பெயர் பெற்ற பிலிமின் நெகட்டிவைப் பக்கத்தில் வைத்து எண்களையும் ஆரஞ்சு நிறத்தையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் உறவு புரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. சினிமா பிலிமை வெட்டிச் சிறு டப்பாக்களில் அடைத்தும் விற்கிறார்கள். அதன் பின்புறம் கரிப் பூச்சு இருக்கலாம். அது தெரியாமல் சாதாரணக் கடையில் கழுவக் கொடுத்தால், கரி மருந்தில் கலந்து பிறருடைய படங்களையும் கெடுத்துவிடும். பெட்டியில் 'சி-41' என்று இருக்கிறதா எனப் பார்த்தே வாங்குங்கள்.

மருமகனின் மலிவுச் சுருளில் 'சி-41' இருந்தது, காலக்கெடுவும் தாண்டவில்லை. ஆனாலும், "இதில் முதலில் கடற்கரையையும் பூனையையும் எடுத்துக் கழுவிப் பார். நன்றாக வந்தால் அதே பெயரில் இன்னொன்று வாங்கிப் பாட்டியை எடு" என்றேன். மலிவு என்பது குற்றமன்று. சோதித்துப் பாராததே குற்றம்.