அந்தச் சாலை யாருடையது? மாநிலப் போக்குவரத்துத் திட்டமும் அதற்கான நிதியும்

தோட்டத்திற்குள் நுழையும் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. மழைக்காலத்தில் பள்ளி வேன் உள்ளே வர மறுக்கிறது. சட்டமன்ற உறுப்பினரிடம் சொன்னால் மாவட்ட அலுவலகத்தைக் கேட்கச் சொல்கிறார். மாவட்ட அலுவலகமோ, அது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்கிறது. நிர்வாகம் அரசாங்கத்தைக் கை காட்டுகிறது. பேராவிலும் சிலாங்கூரிலும் கெடாவிலும் ஜொகூரிலும் தோட்ட மக்களுக்குப் பழகிப்போன அலைச்சல் இது.

இதற்குக் காரணம் அதிகாரிகளின் அலட்சியம் மட்டுமன்று. நம் நாட்டில் ஒவ்வொரு சாலைக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அந்த உரிமையாளர் யார் என்பதைப் பொறுத்தே அதற்கான பணம் வரும் வழியும் அமையும். அடுத்த 15, 20 ஆண்டுகளில் எந்த ஊருக்குச் சாலை வரும், எங்கே ரயில் நிற்கும், எந்த நிலம் கையகப்படுத்தப்படும் என்பதைத் தீர்மானிக்கும் மாநிலத் திட்டங்களும் இந்த அடிப்படையில்தான் எழுதப்படுகின்றன.

ஐந்து வகைச் சாலைகள்

முதல் வகை கூட்டரசுச் சாலை. பொதுப்பணி அமைச்சின் பொறுப்பில் உள்ள இந்தச் சாலைகளின் பெயர்ப்பலகையில் பெரும்பாலும் வெறும் எண் மட்டுமே இருக்கும். இரண்டாவது, டோல் வசூலிக்கும் நெடுஞ்சாலை. இதைக் குத்தகை பெற்ற நிறுவனம் பராமரிக்கும். மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மேற்பார்வையிடும்.

மூன்றாவது, மாநிலச் சாலை. எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருப்பதைக் கொண்டு இதை அடையாளம் காணலாம். பேராவுக்கு 'ஏ', சிலாங்கூருக்கு 'பி', ஜொகூருக்கு 'ஜே', கெடாவுக்கு 'கே', நெகிரி செம்பிலானுக்கு 'என்'. நான்காவது, ஊராட்சி மன்றச் சாலை. தாமான்களுக்குள் இருக்கும் சாலைகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால், மேம்பாட்டாளர் முறைப்படி ஒப்படைத்து, மன்றம் ஏற்றுக்கொண்ட பிறகே அவை மன்றத்தின் பொறுப்புக்கு வரும். அதுவரை மேம்பாட்டாளர்தான் பொறுப்பு.

ஐந்தாவது, தனியார் நிலத்தில் உள்ள சாலை. தோட்டச் சாலைகள் பெரும்பாலும் இதில்தான் அடங்கும். நூறு குடும்பங்கள் அதில் நடந்தாலும், ஒரு தமிழ்ப்பள்ளியும் ஒரு கோயிலும் அதன் ஓரத்தில் இருந்தாலும், நிலப்பட்டாவில் அது நிறுவனத்தின் சொத்து.

பதிவேட்டில் இல்லாத சாலைக்குப் பணம் இல்லை

கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது விதி, மத்திய அரசாங்கம் ஒவ்வொரு மாநிலத்திற்கும் இரண்டு மானியங்களைத் தர வேண்டும் என்கிறது. ஒன்று, மக்கள்தொகையைக் கணக்கிட்டுத் தரும் தலைவரி மானியம். மற்றது, மாநிலச் சாலை மானியம்.

சாலை மானியம் எவ்வளவு என்பதைக் கணக்கிடத் தீபகற்பத்தில் 'மாரிஸ்' என்ற சாலைப் பதிவேடு உள்ளது. தகுதிபெற்ற சாலைகளின் விவரங்கள் இதில் பதிவாகின்றன. மாநிலச் சாலை, ஊராட்சி மன்றச் சாலை, கம்போங் சாலை ஆகியவை நிபந்தனைகளுக்கு உட்பட்டு இதில் இடம்பெறலாம். ஆண்டுதோறும் பல பில்லியன் ரிங்கிட் இந்த வழியாக மாநிலங்களுக்குப் போகிறது.

தோட்ட மக்களின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. சாலை தனியார் பட்டாவில் இருந்தால் பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் ஏறாத சாலைக்கு மானியத்தில் பங்கு கிடையாது. சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதி நிதியிலிருந்து ஒருமுறை சரளைக்கல் கொட்டித் தரலாம். ஆனால், ஆண்டுதோறும் பராமரிக்க அது வழியாகாது.

எனவே, "சாலையைச் செப்பனிடுங்கள்" என்று கேட்பதைவிட, "இந்தச் சாலைக்குரிய நிலத்தைப் பிரித்து, பொதுச் சாலையாக அறிவித்துப் பதிவேட்டில் சேருங்கள்" என்று கேட்பதே நிலையான கோரிக்கை. இதற்கு நிறுவனத்தின் சம்மதம், மாவட்ட நில அலுவலகத்தின் நடவடிக்கை, மாநில அரசாங்கத்தின் முடிவு என மூன்றும் தேவை. காலம் பிடிக்கும் வேலைதான். ஆனால், ஒருமுறை முடிந்துவிட்டால் ஒவ்வொரு தேர்தலிலும் அதே கோரிக்கையைத் திரும்ப வைக்க வேண்டியதில்லை.

மாநிலத்தின் கை ஏன் குறுகியது?

மாநில அரசாங்கம் வருமான வரி வசூலிக்க முடியாது. நிலம், கனிமம், காடு ஆகியவற்றிலிருந்து வருவதே அதன் முக்கிய வருவாய். கடன் வாங்கவும் கட்டுப்பாடு உண்டு. அரசியலமைப்பின் 111ஆவது விதிப்படி, ஒரு மாநிலம் மத்திய அரசாங்கத்திடம் கடன் பெறலாம். அல்லது மத்திய அரசாங்கம் அங்கீகரித்த வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ ஐந்து ஆண்டுகளுக்கு மிகாமல் கடன் பெறலாம்.

ஒரு ரயில் பாதை அமைத்து முடிக்கவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் கடனை அடைக்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். ஆக, மாநிலம் 20 ஆண்டுக்குத் திட்டம் தீட்டலாம். 20 ஆண்டுக்குக் கடன் வாங்க அதற்கு மத்திய அரசாங்கத்தை விட்டால் வேறு வழியில்லை. மாநிலப் போக்குவரத்துத் திட்டங்கள் தடுமாறுவதற்கு இந்த முரண்பாடு ஒரு முக்கியக் காரணம்.

அதிகாரப் பிரிவினையும் இதற்குத் துணைபோகிறது. ரயில்வே மத்திய அரசாங்கத்தின் பட்டியலில் உள்ளது. அந்தப் பட்டியலில் பினாங்குக் கொடிமலை ரயிலுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதப்பட்டுள்ளது. தீபகற்பத்தில் பேருந்து உரிமமும் மத்திய அரசாங்கத்தின் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான 'அபாட்' வசம் உள்ளது. நிலமோ மாநிலத்தின் கையில்.

பினாங்கு கண்ட பாடம்

இந்த முரண்பாட்டை நன்கு விளக்கும் எடுத்துக்காட்டு பினாங்கு. மாநில அரசாங்கம் 2013ஆம் ஆண்டு போக்குவரத்துப் பெருந்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. 2015இல் அதைச் செயல்படுத்த ஒரு தனியார் கூட்டமைப்பு நியமிக்கப்பட்டது. இலகு ரயில், புதிய நெடுஞ்சாலைகள் என விரிந்த அந்தத் திட்டத்தின் மதிப்பு 46 பில்லியன் ரிங்கிட் என்று சொல்லப்பட்டது.

அவ்வளவு பணத்திற்கு மாநிலம் எங்கே போகும்? கடலைத் தூர்த்து நிலம் உருவாக்கி, அதை விற்று வரும் பணத்தில் ரயிலும் சாலையும் அமைப்பது என்று முடிவானது. தீவின் தென்கரையில் சுமார் 4,500 ஏக்கரில் மூன்று செயற்கைத் தீவுகள் திட்டமிடப்பட்டன.

ஆனால், அந்தக் கடல்தான் மீனவர்களின் பிழைப்பு. அவர்கள் எதிர்த்தார்கள். திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைக்கு 2019இல் தரப்பட்ட ஒப்புதலை, 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் ரத்து செய்தது. இவ்வளவு செலவில் ரயிலும் நெடுஞ்சாலையும் வேண்டுமா, பேருந்துச் சேவையை மேம்படுத்தினால் போதாதா என்று பொது அமைப்புகளும் கேள்வி எழுப்பின. 2023இல் மூன்று தீவுகள் ஒன்றாகக் குறைக்கப்பட்டன.

கடைசியில், 2024 மார்ச் மாதம் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், ரயில் திட்டத்தை மத்திய அரசாங்கமே ஏற்கும் என்று அறிவித்தார். பாதை கடலைக் கடந்து பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரல் வரை நீட்டிக்கப்பட்டது. முத்தியாரா தடம் என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்திற்கு 2025 ஜனவரி 11ஆம் நாள் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அடிக்கல் நாட்டினார். 2031இல் முடிப்பது இலக்கு.

ஆக, மாநிலம் திட்டத்தை ஏற்று 11 ஆண்டுகள் கழித்தே ரயிலுக்கு உறுதியான நிதி கிடைத்தது. காகிதத்தில் கோடு போடுவதற்கும் நிலத்தில் தண்டவாளம் போடுவதற்கும் இடையே இருந்தது பணப் பிரச்சினை.

வரைபடத்தில் விழும் கோடு

பணம் வரத் தாமதமாகலாம். ஆனால், வரைபடத்தில் விழுந்த கோடு சும்மா இருப்பதில்லை. பினாங்கின் இரண்டாவது பாலம் 2014 மார்ச் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் பெருநிலக் கரை பத்து காவான். ஒரு காலத்தில் தோட்டப்புறமாக அறியப்பட்ட அந்த இடம் இன்று தொழிற்சாலைகளும் பேரங்காடிகளும் நிறைந்த நகரம். சாலை வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் தோட்டம் கைமாறும். அப்போது லயத்து வீடுகளுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி வரும்.

சாலை அமைக்கத் தனியார் நிலத்தை 1960ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம். இழப்பீடு முதலில் நிலப்பட்டா வைத்திருப்பவருக்கே போகும். தோட்ட நிலத்தில் வாய்மொழி அனுமதியோடு எழுந்த கோயிலின் நிலை அங்கே பலவீனமானது. இயந்திரம் வந்து நிற்கும் நாளில் கூடி நின்று குரல் கொடுப்பது நம் சமுதாயத்திற்குப் புதிதல்ல. ஆனால், அந்தக் கோடு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வரைபடத்தில் விழுந்திருக்கும்.

குரல் கொடுக்கும் நேரம் எது?

தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆவது சட்டம், இரண்டு முக்கியத் திட்டங்களைக் கட்டாயமாக்குகிறது. ஒன்று, மாநிலக் கட்டமைப்புத் திட்டம். சிலாங்கூர் 2035, பேரா 2040, பினாங்கு 2030 என்று ஆண்டைச் சேர்த்து அழைக்கப்படுபவை இவையே. மந்திரி பெசார் அல்லது முதலமைச்சர் தலைமையிலான மாநிலத் திட்டக்குழு இதைக் கவனிக்கிறது. மாநிலம் எந்தத் திசையில் வளரும், முக்கியப் போக்குவரத்து வழிகள் எவை என்பதை இது சொல்லும்.

மற்றது, உள்ளூர்த் திட்டம். இது இன்னும் நுணுக்கமானது. எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது சாலைக்கு ஒதுக்கீடு என்று நிலத்துண்டு வாரியாக வரைபடம் காட்டும். சமூகத்திற்கு அதிகம் பயன்படக்கூடிய ஆவணம் இதுதான்.

இரண்டு திட்டங்களின் வரைவும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஏறத்தாழ ஒரு மாத காலம் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் உண்டு. ஆட்சேபத்தை எழுத்து மூலமாகத் தர வேண்டும். உள்ளூர்த் திட்டத்திற்கு ஆட்சேபம் தந்தவர், தம் கருத்தை நேரில் சொல்ல விரும்புவதாகவும் அதில் குறிப்பிடலாம்.

இந்தத் திட்டங்களில் இடம்பெற்ற சாலைக்குப் பணம் வர இன்னும் இரண்டு படிகள் உண்டு. ஐந்தாண்டு மலேசியத் திட்டத்தில் அது சேர்க்கப்பட வேண்டும். பிறகு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு பெற வேண்டும். 2026 முதல் 2030 வரையிலான 13ஆவது மலேசியத் திட்டம் 2025 ஜூலை 31ஆம் நாள் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. சிறிய சாலைகளுக்குக் கிராமப்புற, வட்டார மேம்பாட்டு அமைச்சின் கிராமச் சாலைத் திட்டங்களும் ஒரு வழி.

எங்கே, என்ன கேட்பது?

முதலில், சாலை யாருடையது என்பதை உறுதிசெய்ய வேண்டும். மாவட்ட நில அலுவலகத்தில் நிலப்பட்டா விவரத்தைத் தேடிப் பார்க்கலாம். மாவட்டப் பொதுப்பணித் துறையிலும் ஊராட்சி மன்றத்திலும் அந்தச் சாலை 'மாரிஸ்' பதிவில் உள்ளதா என்று கேட்கலாம்.

அடுத்து, கோயில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் தங்கள் இடம் எப்படிக் குறிக்கப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். வழிபாட்டுத் தலம், பள்ளி என்று குறிக்கப்பட்டுள்ளதா, அல்லது வெறும் விவசாய நிலமாகவோ சாலை ஒதுக்கீடாகவோ உள்ளதா? தவறாக இருந்தால் வரைவு நிலையிலேயே எழுதித் தர வேண்டும்.

பேருந்து வேண்டுமென்றால் கோரிக்கை இரண்டு இடத்திற்குப் போக வேண்டும். உரிமத்திற்கும் தடத்திற்கும் 'அபாட்'. பணத்திற்கு மத்திய அரசாங்கம் அல்லது மாநிலம். சிலாங்கூர் 2015 முதல் நடத்திவரும் இலவசப் பேருந்துச் சேவை, மாநிலம் மனம் வைத்தால் ஓரளவு செய்ய முடியும் என்பதற்குச் சான்று.

மனுவில் எத்தனை குடும்பங்கள், எத்தனை மாணவர்கள், சிகிச்சைக்கு வாரந்தோறும் மருத்துவமனை செல்லும் முதியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து எழுதினால் அதன் பலமே வேறு. 2040க்கான திட்டத்தை எழுதும் அதிகாரியின் மேசையில் தோட்டத்தின் கணக்கும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தோட்டத்து மக்களே எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.