ஜுவானாவிடம் யார் கேட்டார்கள்?

ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி பேர்ல்' 1947-இல் புத்தகமாக வந்தது. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சின்ன நாவல். மெக்சிகோவின் லா பாஸ் கரையில் முத்துக்குளிக்கும் கீனோவுக்குப் பெருமுத்து ஒன்று அகப்படுகிறது. அன்று இருட்டுவதற்குள் ஊரே அவன் குடிசையைச் சுற்றி வருகிறது. திருவண்ணாமலையில் உட்கார்ந்து படிப்பவருக்கு இது அச்சு அசலாக ரியல் எஸ்டேட் கதை.

கீனோ முத்தை விற்கப் போகும் இடத்தைப் பாருங்கள். வியாபாரிகள் தனித்தனிக் கடை விரித்திருக்கிறார்கள். ஐம்பதாயிரம் பெசோ பெறும் என்று அவன் நம்பும் முத்துக்கு ஒருவர் ஆயிரம் என்கிறார், இன்னொருவர் ஐந்நூறோடு நிறுத்திக்கொள்கிறார். உள்ளே எல்லோரும் ஒரே முதலாளியின் ஆட்கள்.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டி, ஒரு காலத்தில் மணிலாவும் நெல்லும் போட்ட கொல்லைகளை விற்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். புரோக்கர் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடுவார். 'தாங்கள் காட்டும் நபருக்கு' கிரயம் செய்து தரச் சம்மதம் என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் வித்தை. கெடு முடிவதற்குள் அதே நிலத்துக்குக் கூடுதல் விலைக்கு ஆள் பிடித்துவிடுவார்கள். தனக்கு வந்த விலை ஒன்று, வாங்கியவர் கொடுத்த விலை வேறொன்று என்பது நிலக்காரருக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில்தான் தெரியவரும், தெரிந்தால்.

இத்தனையும் ஆண்கள் ஆண்களை ஏமாற்றும் கணக்கு. நாவலில் அதைவிட உறுத்துவது ஜுவானா. இந்த முத்து குடும்பத்தை அழித்துவிடும் என்று கீனோவின் மனைவி முதலிலேயே சொல்கிறாள், கேட்பாரில்லை. இரவோடு இரவாகக் கடலில் எறியப் போனவளைக் கீனோ அடித்து உதைக்கிறான். குழந்தையைப் பறிகொடுத்து ஊர் திரும்பிய பிறகுதான் முத்தை அவளிடம் நீட்டுகிறான். எறிய வேண்டியவன் நீதான் என்கிறாள் அவள்.

இங்கே ஜுவானா பெரும்பாலும் தங்கையாக இருப்பாள். மணிலா விளைந்தவரை பங்கைப் பற்றிப் பேச்சே எழாது. சென்ட் கணக்கில் விலை பேசத் தொடங்கியதும் அண்ணன் கார் அனுப்புவார், ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போம்மா என்று. அவள் போடுவது விடுதலைப் பத்திரம். மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டுமே! கேள்வி கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு சாத்திவிடும் என்ற பயமே அவள் கையைப் பிடித்து எழுதவைக்கிறது.

சட்டம் எப்போதோ அவள் பக்கம் வந்துவிட்டது. திருவண்ணாமலை தனி மாவட்டமான அதே 1989-இல், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழகம் கொடுத்தது. 2005-இல் மத்தியச் சட்டம் திருமணமானவர்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்கவேண்டியதில்லை, பங்கு பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

நிலம் விற்ற பணத்தில் கடனை அடைத்தவர்களும் பெண்ணை மேற்படிப்புக்கு அனுப்பியவர்களும் உண்டு. வானத்தைப் பார்த்து எத்தனை வருஷம் விதைப்பது என்று அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் விற்பதா வேண்டாமா என்று பேசிய கூடத்தில் அந்த வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்களா, காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார்களா?

கையெழுத்துக் கேட்டு கார் வந்து நின்றால், சகோதரிகளே, தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் முதலில் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.