எளிமையின் அருமை

எளிமை என்பது உழைப்புக் குறைவின் அடையாளம் எனக் கருதுவோர் உளர். உண்மை அதற்கு மாறானது. பயன்படுத்துவோர் படவேண்டிய பாட்டைப் படைப்பவர் தாமே முன்கூட்டி ஏற்பதால்தான் எளிமை பிறக்கிறது. ஊர்ப்பொதுக் கைப்பம்பின் வரலாறு ஒன்றே இதனை விளக்கப் போதும்.

1960களின் இறுதியில் வறட்சி வாட்டியபோது, நம் நாட்டின் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் பல தோண்டப்பட்டன. அவற்றின்மேல் பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகளோ, மேலைநாடுகளில் ஒரு வீட்டார் மட்டும் பயன்படுத்திய வகையைப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஓர் ஊரே நாள்முழுதும் அடித்தால் அவை தாங்குமா? விரைவில் பழுதுற்றன. கிணற்றில் நீர் இருந்தும் பெண்கள் குடத்துடன் நெடுந்தொலைவு நடந்தனர்.

இக்குறை தீர, 1970களில் யுனிசெஃப் துணையுடன் ‘இந்தியா மார்க் 2’ உருவாயிற்று. உடல் எஃகாலானது. கைப்பிடியின் முனையில் கால்வட்ட வடிவான வளைவும், அதன்மேல் படியும் சங்கிலியும் அமைந்தன. இதனால் உள்ளிருக்கும் தண்டு கோணாமல் நேராக ஏறி இறங்கிற்று. சோலாப்பூரில் முன்னரே வழங்கிய பம்பிலிருந்து பெற்ற உத்தி இது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. கிணற்றினுள் இருக்கும் உருளையில் தேய்ந்த வாஷரை மாற்றக் குழாய் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். வண்டியும் ஆட்களும் வரும்வரை ஊர் காத்திருந்தது. 1980களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நிகழ்ந்த கள ஆய்வுகளின் பயனாக ‘மார்க் 3’ தோன்றியது. 32 மி.மீ. குழாய்க்கு மாற்றாக 65 மி.மீ. குழாய் இடப்பட்டது. குழாயைக் கழற்றாமலே உள்ளுறுப்புகளை மேலே இழுக்க முடிந்தது. பயிற்சி பெற்ற ஊர்க்காரரே பழுது நீக்கலாம் என்ற நிலை வந்தது. அகன்ற குழாய்க்கு எடையும் விலையும் மிகுதி. எளிமைக்கும் ஒரு விலை உண்டு.

எழுத்துலகிலும் இதே நிலைதான். 1912இல் முதற்பாகம் வெளிவந்த ‘பாஞ்சாலி சபத’த்தில் பாரதியார் பழைய பாரதக் கதையைப் பொதுமக்கள் அறிந்த நொண்டிச்சிந்தில் பெரிதும் பாடினார். கற்றோர்க்கே உரிய காவியத்தை எல்லார் செவிக்கும் இசைவாக்கும் சுமையை அவரே ஏற்றார்.

கட்டுரை எழுதும் மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்தபின் தம்மை ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: இதன் பொருளை எடுக்க, படிப்பவர் குழாய் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கிறதா?