படிம இணைப்பு

படிம இணைப்பு என்பது வெவ்வேறு இடங்களிலோ நேரங்களிலோ எடுத்த ஒளிப்படங்களின் பகுதிகளைச் சேர்த்து ஒரே படமாக்கும் முறையாகும். மென்பொருள் கருவிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு வடிவமைப்பை முழுமையாகச் செய்து முடிப்பதன் மூலம் இதை எளிதில் கற்கலாம். தென்காசிக் கோபுரமும் குற்றாலப் பேரருவியும் சேர்ந்த ஒரு சுற்றுலாச் சுவரொட்டி இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

இம்முறை கணினிக்கு முந்தையது. 1850களின் ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றன. கடல் தெளிவாகப் பதிந்தால் வானம் வெளிறிவிடும். எனவே பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே வானத்தையும் கடலையும் தனித்தனி நெகட்டிவ்களில் எடுத்து, ஒரே படமாக அச்சிட்டார். ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. லேயர் எனப்படும் அடுக்கு வசதி 1994இல், அதன் 3.0 பதிப்பில் சேர்ந்தது. இலவச மென்பொருளான கிம்ப்பிலும் இவ்வசதி உண்டு.

அளவும் ஒளியும்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் சுமார் 180 அடி உயரமுடையது. பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர், அதாவது 200 அடிக்குச் சற்றுக் குறைவு. அருவியைப் பின்னணியில் வைத்தால் அது கோபுரத்தைவிடச் சிறியதாகத் தெரிய வேண்டும். தொலைவு அதனால்தான் உணரப்படும்.

கோபுரம் கிழக்கு நோக்கியது. காலை வெயிலில் அதன் முகப்பு மஞ்சள் கலந்து ஒளிரும், நிழல்கள் அழுத்தமாக விழும். சூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலத்தில் எடுத்த அருவிப் படத்தில் ஒளி பரவலாகவும் சற்று நீலமாகவும் இருக்கும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். நிறத்தை மாற்றலாம், விழுந்த நிழலை மாற்றுவது கடினம். ஆகவே, கோபுரத்தையும் மேகமூட்டமான நாளில் படமெடுப்பதே நல்லது.

விளிம்பும் நீரும்

கோபுரத்தின் விளிம்பு கூர்மையானது. அதைப் பென் கருவியால் வரைந்து, மாஸ்க் எனப்படும் மறைப்பை இடலாம். மறைப்பில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் பாதி காட்டும். அழிப்பானைப் போலன்றி, மறைப்பு மூலப்படத்தைச் சிதைப்பதில்லை.

நீர்த்திவலைக்குத் திட்டமான விளிம்பு கிடையாது. கரும்பாறையின் முன் எடுத்த திவலைப் படத்தை ‘ஸ்கிரீன்’ கலப்பு முறையில் மேலடுக்காக வைத்தால், கருமை மறைந்து வெண்மை மட்டும் எஞ்சும். ஷட்டர் வேகமும் பொருந்த வேண்டும். 1/1000 நொடியில் துளிகள் உறைந்து நிற்கும். அரை நொடியில் நீர் பட்டுத்துணிபோலப் படியும். இவ்விரண்டையும் ஒரே அருவியில் கலக்கக் கூடாது.

நம்பகத்தன்மை

திறமையாக இணைத்த படம் உண்மைப் படமென்று நம்பப்படும். குற்றாலத்தில் நீர்வரத்து மிகும்போது குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். பெருக்கெடுத்த அருவியின் கீழ் மக்கள் மகிழ்ந்து குளிப்பதாக இணைத்த படம், அங்கு அப்படி நிற்கலாம் என்ற தவறான எண்ணத்தை ஏற்படுத்தும்.

எனவே வெள்ளக்கால அருவியுடன் மனித உருவங்களை இணைப்பதைத் தவிர்க்க வேண்டும். ‘இணைத்து உருவாக்கிய படம்’ என்ற குறிப்பைப் படத்தின் மீதே இட வேண்டும். தலைப்பில் மட்டும் எழுதினால், படம் பகிரப்படும்போது அது விடுபட்டுப் போகும். மூலப்படங்களையும் அடுக்குகள் கொண்ட கோப்பையும் பாதுகாத்து வைத்தால், எது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பின்னர் காட்ட முடியும்.