கணினிக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி

நம் வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்திலேயே அஞ்சறைப் பெட்டி இருக்கும். கடுகு, சீரகம், மிளகு எல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சம். மொத்தமாக வாங்கியது பரணில். தாளிக்கிற நேரத்தில் பரண் ஏறினால் எண்ணெய் கருகிப் போகாதா? கணினியில் 'கேஷ்' என்பதும் இதே ஏற்பாடுதான்.

இங்கே பரண் என்பது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டில் வேண்டிய இடம் சுழன்று வரவே சராசரியாக 4 மில்லி நொடி ஆகிறது. ரேம் நினைவகத்துக்குச் சுமார் 100 நானோ நொடி போதும். கணக்குப் போட்டால் 40,000 மடங்கு வித்தியாசம். அஞ்சறைப் பெட்டியில் ஒரு நொடி என்றால், பரணில் 11 மணி நேரம்! சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்த பிறகும் இந்த இடைவெளி குறைந்ததே தவிர மறையவில்லை.

அடிக்கடி வேண்டியதை ரேமில் வைத்துக்கொள்ளலாம், சரி. பெட்டி சிறிசாச்சே! புதிதாக ஒன்று வந்தால் எதை வெளியேற்றுவது? 1966-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெலாடி மிகச் சிறந்த விடையைச் சொன்னார்: இனி வெகுநேரம் கழித்தே தேவைப்படப் போவதை வெளியேற்று. ஆனால் வருங்காலம் யாருக்குத் தெரியும்? அதனால், தொட்டு அதிக நேரமானது எதுவோ அது போகட்டும் என்ற 'எல்.ஆர்.யு.' முறை பரவலாயிற்று.

அதிலும் ஒரு சிக்கல். ராத்திரி எல்லாக் கோப்புகளையும் ஒரு தடவை நகலெடுக்கிறோம் என்று வையுங்கள். ஒரே முறை தொட்ட தகவல்கள் வந்து நிறைந்து, தினப்படி வேண்டியதைத் தள்ளிவிடும். விருந்துக்கு வாங்கிய ஜாதிக்காய் கடுகைத் துரத்திய கதை!

2003-ல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் மெகிதோவும் தர்மேந்திர மோதாவும் 'ஆர்க்' என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரு முறை கேட்டவை ஒரு பட்டியல்; இரண்டு முறையாவது கேட்டவை இன்னொன்று. வெளியேற்றியவற்றின் பெயரை மட்டும் குறித்து வைக்கும். அதையே மறுபடி கேட்டால், 'அவசரப்பட்டுட்டோம்' என்று அந்தப் பட்டியலுக்கு இடம் கூட்டும். தன் தப்பிலிருந்து தானே கற்கிறது!

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எழுதும்போதும் கணினி சில சமயம் ரேமில் மட்டும் வைத்துவிட்டு 'முடிந்தது' என்று சொல்லும். தட்டில் எழுதுவது பிறகுதான். நடுவில் கரண்ட் போனால் போனதுதான். ஆகவே பேரப்பிள்ளைகளின் படங்களை நகலெடுத்த கையோடு பென் டிரைவைப் பிடுங்காதீர்கள்; எடுக்கலாம் என்று கணினி சொல்லட்டும். பரணுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது நம் சொத்து.