ஆகக்குறைந்த தொகை

கடனட்டைக் கூற்றிலே 'ஆகக்குறைந்த தொகை' என்றொரு வரி உண்டு. அதனைக் கட்டினால் கடமை தீர்ந்ததென எண்ணுவோர் நம்மிடையே பலர். கணக்கைப் பார்ப்போம்.

கடன் ஓர் இலட்சம் ரூபா. ஆண்டு வட்டி 28 வீதம். முதல் மாத வட்டியே 2,333 ரூபா. நிலுவையில் 5 வீதமே ஆகக்குறைந்த தொகையெனின், நிலுவை குறையக் குறையக் கட்டுந் தொகையும் குறையும். 28 மாதங் கழிந்தும் ஏறத்தாழ 45,000 ரூபா எஞ்சி நிற்கும். புதிதாக ஒன்றும் வாங்காது, மாதந்தோறும் 5,000 ரூபாவை மாறாமற் செலுத்துபவரோ அதே 28 மாதத்தில் கடனை முடித்துவிடுவார்.

அதற்கும் இயலாதவர் என் செய்வது? 2023இல் இலங்கை மத்திய வங்கி கடனட்டைக்கு 28 வீதமும், நகை அடகுக்கு 18 வீதமும் வட்டி உச்சவரம்பாக விதித்தது. காப்பை அடகு வைப்பது மானக்கேடென்று அஞ்சி, அட்டைக்குக் கூடிய வட்டி அழுத குடும்பங்களை நாம் அறிவோம். அடகு மலிவுதான், ஆயினும் தவணைக்குள் மீளாத நகை ஏலம் போகும். ஆதலின், முதலில் வங்கி முகாமையாளரைக் கண்டு, நிலுவையைக் குறைந்த வட்டித் தவணைக் கடனாக மாற்றக் கேட்டல் நன்று. தவணை தவறுமுன்னரே செல்லவேண்டும். தவறியமை கொடுகடன் தகவல் பணியகத்திற் பதிவானபின் வேறு வங்கியிற் கடன் பெறுதலும் அரிதாகும்.